கரையில் நின்றவர்

ஆற்றில் வெள்ளம் ஏறியிருக்கிறது. வெளியூர்க்காரர் ஒருவர், எப்போதும் இறங்கிக் கடக்கும் துறைதானே என்று நினைத்துக் காலை வைக்கப் பார்க்கிறார். ஆழம் தெரிந்த ஒருவர் கரையில் நிற்கிறார். ஒரு குரல் கொடுத்தால் போதும், கொடுக்கவில்லை. இறங்கியவர் கரையேறவில்லை. நின்றவர் செய்தது கொலையா?

கேட்டவர் மெக்காலே. 1837இல் அவர் தலைமையிலான சட்ட ஆணையம் இந்தியாவுக்கான தண்டனைச் சட்ட வரைவைக் கல்கத்தாவில் அளித்தபோது, அதோடு நீண்ட விளக்கக் குறிப்புகளையும் சேர்த்தது. அவற்றில் ஒன்று செய்யாமையைப் பற்றியது. மெக்காலே என்றால் நமக்கு 1835ஆம் ஆண்டின் கல்விக் குறிப்புதான் நினைவுக்கு வரும். அதன்மேல் உள்ள நியாயமான கோபத்தில் இந்த இன்னொரு குறிப்பை நம்மில் பலர் படிக்காமலே விட்டுவிட்டோம். ஆனால் நம் அன்றாடத்தை அதிகம் ஆண்டது இதுதான்.

அவருடைய விடை இப்படிப் போகிறது. கரையில் நின்றவர் பயணிகளை எச்சரிப்பதற்கென்றே அதிகாரிகள் நிறுத்திவைத்த சேவகர் என்றால், அது கொலை. கூலி பேசி வழிகாட்ட வந்தவர் என்றாலும் கொலை. மனிதருக்கு மனிதர் என்பதைத் தவிர வேறு எந்தப் பாத்தியதையும் இல்லாதவர் என்றால், கொலையல்ல. வெறிகொண்ட நாய் ஒருவரைக் கவ்விக் குதறும்போது நாயின் சொந்தக்காரர் அதைக் கூப்பிடாமல் இருந்தால் கொலை. வழிப்போக்கர் சும்மா பார்த்துக்கொண்டு போனால் குற்றமில்லை. சுருக்கமாக: சட்டமோ ஒப்பந்தமோ உன்மேல் ஒரு கடமையை ஏற்கெனவே வைத்திருந்தால்தான் உன் செய்யாமை ஒரு செயலாகக் கணக்கில் வரும். 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் இந்தக் கோட்டைத்தான் வரைந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் இதை மாற்றவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த மண்ணில் கரையில் நிற்பவருக்குத் தண்டனை கிடையாது.

இந்த ஏற்பாட்டை எடுத்தெறிந்து பேசுவது எளிது. அதற்கு முன் அதன் வலுவைப் பார்க்க வேண்டும். அது பெரிய வலு. ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கக்கூடிய சாவைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் கெட்டவர் என்பதை மெக்காலேயே ஒப்புக்கொள்கிறார். அவருடைய கவலை, அவரைத் தண்டிக்கத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்பது. மே மாத வங்காள வெயிலில், உச்சிப்பொழுதில், ஐம்பது கெஜம் நடந்துபோய் எச்சரிக்காதவரையும் கொலைகாரர் என்பதா? கல்கத்தாவில் ஒரு அறுவை மருத்துவர் இருக்கிறார். மீரட்டில் ஒரு நோயாளியை அவர் மட்டுமே காப்பாற்ற முடியும். நல்ல பணமும் தருகிறார்கள். பயணத்தில் ஆபத்தும் இல்லை. ஆனால் அடுத்த கப்பலில் அவர் குடும்பம் வந்து இறங்குகிறது. எதிர்கொள்ளப் போக வேண்டும். மறுத்துவிடுகிறார். அவரைக் கொலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியுமா?

முடியாது என்றுதான் நானும் சொல்வேன். செயலுக்கு ஓர் எல்லை உண்டு. குத்தினேன் என்றால் யாரை, எப்போது, எதனால் என்று சொல்லிவிடலாம். செய்யாமைக்கு அப்படி விளிம்பு கிடையாது. இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் செய்யாமல் இருக்கும் காரியங்கள் எண்ணிக்கையில் அடங்காதவை. யாருக்கோ ரத்தம் கொடுக்காமல் இருக்கிறேன். யாருடைய பசிக்கோ சோறு போடாமல் இருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்றால் யாராலும் மூச்சுவிட முடியாது. 1972இல் பீட்டர் சிங்கர், கிழக்கு வங்காள அகதிகளின் பசியை முன்வைத்து, தூரம் ஒரு சாக்காகாது என்று வாதிட்டார். அவருடைய தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கடினம். அதை முழுதாக வாழ்ந்து காட்டுவது அதைவிடக் கடினம். ஒரு சட்டத்தை அதன்மேல் கட்ட முடியாது.

ஆனாலும் மெக்காலேயின் வாதத்தில் ஒரு தாவல் இருக்கிறது. 'கொலைகாரர் என்பதா?' என்று அவர் கேட்கும்போது நாம் தலையாட்டி மறுக்கிறோம். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டு 'அப்படியானால் ஒன்றுமே இல்லை' என்ற முடிவுக்குப் போய்விடுகிறார். கொலைக்கும் ஒன்றுமில்லாததற்கும் நடுவே எவ்வளவோ இடம் உண்டு. ஜெர்மனியில் விபத்திலோ ஆபத்திலோ இருப்பவருக்கு, தனக்குப் பெரிய இடையூறில்லாமல் செய்யக்கூடிய உதவியைச் செய்யாதவருக்கு ஓராண்டு வரை சிறை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 1967இல் இயற்றிய சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை 100 டாலர் அபராதம். பிரான்சில் ஐந்தாண்டுச் சிறை, 75,000 யூரோ அபராதம் வரை போகிறது. இவர்களில் யாரும் கரையில் நின்றவரைக் கொலைகாரர் என்று சொல்லவில்லை. நீ செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று மட்டும் சொல்கிறார்கள். அதைச் சொல்வதற்கே ஒரு சட்டம் இருக்கலாம் என்பது மெக்காலேயின் கணக்கில் இடம்பெறவில்லை.

அப்படியானால் அந்தச் சட்டத்தை இங்கே கொண்டுவந்துவிடலாமா? எனக்கு அச்சமாக இருக்கிறது. ஒரு விபத்து நடந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். நூறு பேர் பார்த்தார்கள். தொண்ணூறு பேர் வண்டியை நிறுத்தாமல் போய்விட்டார்கள். பத்துப் பேர் நின்றார்கள், என்ன செய்வதென்று தெரியாமல். போலீஸ் வரும்போது கையில் கிடைப்பவர்கள் அந்தப் பத்துப் பேர்தான். போனவருக்கு முகமில்லை, நின்றவருக்கு முகவரி இருக்கிறது. உதவாதவரைத் தண்டிக்கும் சட்டம் நம் காவல் நிலையங்களின் வழியாக நடைமுறைக்கு வந்தால், கொஞ்சம் மனம் இளகி நின்றவரைத்தான் முதலில் பிடிக்கும். அடுத்த முறை அவரும் நிற்க மாட்டார். பிரான்சின் சட்டத்துக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. அது முதலில் இயற்றப்பட்டது 1941இல், நாஜி ஆக்கிரமிப்பின் நிழலில் இயங்கிய விஷி அரசால். சக மனிதர்மேல் அன்பு பெருகி எழுதப்பட்டதல்ல. போர் முடிந்தபின் 1945இல் அதைத் திருத்தி வேறு பொருளில் வைத்துக்கொண்டார்கள். நல்ல கடமையும் யார் கையில் ஆயுதமாகிறது என்பதைப் பொறுத்து முகம் மாறும்.

நம் நாட்டிலேயே ஒரு துறையில் இந்தக் கடமையை எல்லார்மேலும் சுமத்திப் பார்த்திருக்கிறோம். 2012இன் போக்சோ சட்டப்படி, ஒரு குழந்தை பாலியல் குற்றத்துக்கு ஆளானது தெரிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம். ஆறு மாதம் வரை சிறை. பள்ளியின், விடுதியின், குடும்பத்தின் மானம் என்ற பெயரில் மூடிமறைத்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. தலைமையாசிரியர் வாயை மூடிக்கொண்டால் அது இனி விவேகம் ஆகாது. ஆனால் அதே கடமை, காதலித்துக் கருவுற்ற பதினேழு வயதுப் பெண்ணை மருத்துவமனை வாசலிலிருந்து திருப்பியும் அனுப்பியது. உள்ளே போனால் மருத்துவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்று தெரிந்தபின் அவள் எங்கே போவாள்? 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று தளர்த்தியது. பேசு என்று எல்லாரையும் கட்டாயப்படுத்தினால், சில இடங்களில் மௌனமும் ஒரு காப்பாக இருந்தது என்பது பிறகுதான் தெரியவருகிறது.

ஆகவே சட்டம் தயங்குவதில் தவறில்லை. தவறு வேறோர் இடத்தில் நடந்தது. மெக்காலே தன் குறிப்பில் வேலையை இரண்டாகப் பிரித்தார். தீங்கு செய்யாமல் தடுப்பது சட்டத்தின் வேலை. நன்மை செய்யத் தூண்டுவது பொதுமக்கள் கருத்தின் வேலை, அறமும் சமயமும் போதிப்பவர்களின் வேலை. முதல் பாதியைச் சட்டம் எடுத்துக்கொண்டது. இரண்டாம் பாதியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 'தண்டனை இல்லை' என்ற சட்டத்தின் வாக்கியம், ஊர்வாயில் 'தப்பில்லை' என்று மாறிப்போனது.

இந்த இரண்டாம் பாதிக்கு வேண்டிய சரக்கு நம்மிடம் இல்லாமலா? குறளின் 466ஆம் பாவை எடுத்துக்கொண்டு, செய்யாமையையும் செயலையும் வள்ளுவர் ஒரே தட்டில் வைத்தார் என்று மேடைகளில் சொல்வார்கள். வைத்தார்தான். ஆனால் அது பொருட்பாலில், 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தில் இருக்கிறது. அரசனுக்குச் சொன்ன காரிய புத்தி. செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் உனக்குக் கேடு என்கிறதே தவிர, பிறருக்கு நீ இழைத்த அநீதி என்று சொல்லவில்லை. அந்த இடத்தை எனக்குக் காட்டியவர் பாரதி. பாஞ்சாலி சபதத்தில் துச்சாதனன் பாஞ்சாலியைத் தெருவழியே இழுத்துப் போகிறபோது, ஊரார் நின்று அழுகிறார்கள். பாரதியின் சினம் இழுப்பவனை விட்டுவிட்டு அந்த அழுகிறவர்கள்மேல் பாய்கிறது. இரக்கப்பட்டார்கள் என்பதற்காக அவர்களை அவர் மன்னிக்கவில்லை. தமிழில் 'சும்மா இருத்தல்' என்பதற்குத் தாயுமானவர் வழியில் மிக உயர்ந்த பொருளும் உண்டு. அது தன் ஆசைகளை அடக்கிய அமைதி. பக்கத்தில் ஒருவர் கதறும்போது வாய்க்கும் அமைதி அதனோடு சேராது.

நம் பேச்சில் மூன்று சொற்கள் புழங்குகின்றன: காரணம், சாக்கு, நியாயம். செய்யாமல் இருந்ததற்குக் காரணம் எப்போதும் இருக்கும். பயந்தேன், களைத்திருந்தேன், கவனிக்கவில்லை. அது நடந்ததை விளக்கும், அவ்வளவுதான். நியாயம் என்பது எதிரே நிற்பவரும் ஏற்கக்கூடிய காரணம். ஆற்றில் இறங்கியவரின் மனைவி வந்து கேட்டால், கண்ணைப் பார்த்துச் சொல்லக்கூடியது. 'எனக்கு நீச்சல் தெரியாது, அதனால் குதிக்கவில்லை' என்று சொல்லலாம். 'கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடத் தோன்றவில்லை' என்று சொல்ல முடியாது. எல்லாச் செய்யாமைக்கும் நியாயம் கேட்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டேன். ஆனால் விஷயம் தெரிந்திருக்கிறது, கை எட்டுகிறது, ஆகும் செலவு அற்பம் என்று மூன்றும் கூடிவிட்ட கணத்தில், சும்மா இருப்பதற்கும் நியாயம் சொல்லியாக வேண்டும். சட்டம் கேட்காது என்பதால் கேள்வி இல்லாமல் போய்விடாது.

1975இல் ஜேம்ஸ் ரேச்சல்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ஒரு கற்பனைக் கதை எழுதினார். சொத்துக்காகச் சிறுவன் ஒருவனைக் குளியல் தொட்டியில் அமுக்கிக் கொல்கிறான் ஒருவன். அதே எண்ணத்தோடு வந்த இன்னொருவன், சிறுவன் தானாக வழுக்கி விழுந்து மூழ்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இருவருக்கும் அறத்தில் என்ன வேறுபாடு? ஒன்றுமில்லை என்பது ரேச்சல்ஸின் முடிவு. கதை கூர்மையானது. ஆனால் அது நம்மைத் தப்பிக்கவிடுகிறது என்பதே என் குறை. நின்றவன் சாவை விரும்பினான். நாம் யார் சாவையும் விரும்புவதில்லை. நம் செய்யாமையில் பகையோ பேராசையோ இருக்காது. வேறு யாராவது செய்வார்கள் என்ற நம்பிக்கைதான் இருக்கும்.

அந்த நம்பிக்கை எனக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மழையிரவில் விழுப்புரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்த பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சாலையோரம் ஒரு இருசக்கர வண்டி கவிழ்ந்து கிடந்தது, முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் ஒரு உருவம். பேருந்து நிற்கவில்லை. 108 அவசர ஊர்தி 2008இலேயே தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. என் கையில் போன் இருந்தது, சார்ஜும் இருந்தது. யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தேன். பேருந்தில் இருந்த நாற்பது பேரும் அதையே நினைத்திருக்கலாம். அந்த ஆள் பிழைத்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் வீட்டார் வந்து கேட்டால் சொல்ல என்னிடம் காரணம் இருக்கிறது, நியாயம் இல்லை.

சாலை விபத்தில்தான் இந்தியா இந்தச் சிக்கலுக்கு ஓர் உருப்படியான வழி கண்டது. உதவாதவரைத் தண்டிக்காமல், உதவாமைக்கான நியாயங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்த வழி அது. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கு. ஸ்கூட்டரில் அடிபட்டவரை ஒருவர் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். சட்டச் சிக்கலுள்ள கேஸ்களை நாங்கள் பார்ப்பதில்லை, இன்னொரு மருத்துவமனைக்குப் போங்கள் என்று மருத்துவர் அனுப்பிவிடுகிறார். அந்த மருத்துவமனை 20 கிலோமீட்டர் தூரம். அடிபட்டவர் வழியிலேயே இறந்துபோகிறார். உயிரைக் காப்பதே மருத்துவரின் முதல் கடமை, போலீஸ் நடைமுறை அதன் பிறகுதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. மருத்துவர் அன்று முதல் வழிப்போக்கர் இல்லை. மெக்காலேயின் கணக்கில் சொன்னால், துறையில் நிறுத்தப்பட்ட சேவகர் ஆனார். தூக்கிக்கொண்டு வருபவரின் பயம் மட்டும் அப்படியே இருந்தது. சேவ்லைஃப் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013இல் வெளியிட்ட ஆய்வில் 74 விழுக்காட்டினர் அடிபட்டவருக்கு உதவுவது சந்தேகம்தான் என்றார்கள். தயங்கியவர்களில் 88 விழுக்காட்டினர் சொன்ன காரணம் போலீஸ் விசாரணை, கோர்ட் அலைச்சல். அந்த அமைப்பின் வழக்கில் 2016 மார்ச் 30 அன்று வந்த தீர்ப்பும், 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவும் அந்தப் பயத்துக்கான காரணத்துக்கு முடிவுகட்டின. உதவியவர்மேல் வழக்குப் போட முடியாது. பெயரைச் சொல் என்று கட்டாயப்படுத்த முடியாது.

இந்த வழியின் சிறப்பை மனமாரப் பாராட்டுகிறேன். இதன் குறையும் உண்டு. சட்டம் வந்தது ஊருக்குத் தெரியவில்லை. 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள். இந்திய மாநிலங்களிலேயே அதிகம். 17,884 பேர் இறந்தார்கள். இன்றும் டீக்கடையில் 'தூக்கிட்டுப் போனா நம்மளத்தான் கோர்ட்டுக்கு இழுப்பான்' என்கிறார்கள். அது ஒரு காலத்தில் முழு நியாயமாக இருந்தது. இப்போது சாக்கு.

இதுவரை தனிமனிதரைப் பற்றிப் பேசினேன். என் உண்மையான மனத்தாங்கல் வேறு. வழிப்போக்கருக்குச் சட்டம் கொடுத்த சலுகையை, வழிப்போக்கரே அல்லாதவர்கள் உடுத்திக்கொள்கிறார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் செத்துக்கொண்டிருந்தபோது, தானியச் சந்தையில் தலையிடுவது அரசின் வேலையில்லை என்று நின்றது வைஸ்ராய் லிட்டனின் அரசு. அவர் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக்காரர்களின் கூலியில் தானிய அளவை ஒரு பவுண்டாகக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து எழுதிக்கொண்டே இருந்தார். இதே டெம்பிள் இரண்டு மூன்று ஆண்டு முன்பு பீகாரில் பர்மா அரிசியை இறக்கி மக்களைக் காப்பாற்றியவர். வீண்செலவு செய்தார் என்று ஏச்சும் வாங்கியவர். செய்ததற்கு விளக்கம் கேட்டார்கள். செய்யாததற்கு அன்று யாரும் கேட்கவில்லை. லட்சக்கணக்கில் பிணம் விழுந்தபின், 1880இன் பஞ்ச ஆணையமும் அதன்வழி வந்த பஞ்ச விதிகளும்தான் அரசைக் கரையிலிருந்து இறக்கிச் சேவகர் இடத்தில் நிறுத்தின.

நம் காலத்துக்கு வருகிறேன். 2019 அக்டோபர் 25ஆம் தேதி மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. மூன்று நாளுக்கு மேல் தமிழ்நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது. ரிக் இயந்திரங்கள் வந்தன, பாறை வழிமறித்தது, அமைச்சர்கள் இரவெல்லாம் நின்றார்கள். 29ஆம் தேதி அதிகாலை உடலைத்தான் எடுக்க முடிந்தது. உழைத்தவர்கள் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனை கேமராக்களும் காட்டியது செயல்களை. குழந்தையைக் கொன்ற செய்யாமைக்குப் படம் கிடையாது. அது ஒரு நாளில் நடக்கவில்லை. ஆண்டுக்கணக்கில், பல பேரிடையே, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. 2010இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருந்தது: போர் போடும் முன் தகவல் கொடுக்க வேண்டும்; குழாயின் வாயை இரும்புத் தகட்டாலோ திருகு மூடியாலோ அடைக்க வேண்டும்; தண்ணீர் வராமல் கைவிட்டதை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும். 2015இல் தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கென்றே தனி விதிகளும் வந்தன. அந்த நாளிலிருந்து ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர், மேலே வட்டாரத்தில் இருந்தவர், மாவட்டத்தில் இருந்தவர் எவரும் கரையில் நிற்கும் வழிப்போக்கர் அல்லர்; கடமையோடு நிறுத்தப்பட்டவர்கள். மெக்காலேயின் மிகக் கறாரான அளவுகோலின்படியே அவர்களுடைய செய்யாமை செயல்தான். நாம் அவர்களிடம், மீட்புப் பணியில் ஏன் தாமதம் என்று கேட்டோம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஏன் பார்வையிடவில்லை என்று விடாமல் கேட்கவில்லை.

இதை வாசிப்பவரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில், வயலோரத்தில், கட்டி முடிக்காத மனையில், தண்ணீர் வராமல் போன போர் ஒன்று திறந்து கிடக்கலாம். கோணியைப் போர்த்தி வைத்திருப்பார்கள், கோணி மக்கியிருக்கும். நாளை காலை நடந்துபோய்ப் பாருங்கள். திறந்திருந்தால் நாலு பேரைக் கூப்பிட்டு, ஒரு பலகைக் கல்லைப் புரட்டி அதன் வாயில் வையுங்கள். பிறகு ஊராட்சி அலுவலகத்துக்குப் போய், இதை ஏன் இதுவரை மூடவில்லை என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.